நீர் வந்த வழி
சமதானி ஆராய்ச்சியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கடல்நீர் ஆவியாகி முகிலாதலும், முகில் மழையாதலும், மழைநீர் ஆறாகி மீண்டுங் கடலை அடைதலும் இன்று கீழ்வகுப்பு மாணவரும் அறிந்த செய்தியாகும். கடல்நீரை முகந்து மலையிற் பொழியும் முகிலைச் சங்கப் புலவர்கள் பல இடங்களிற் பாடியுள்ளனர். ஆயினும், நீர் சுற்றி வருகின்றது என்று அறிதல் ஒன்று. ஒரு குறித்த கிணற்றில் ஊறும் நீர் எக்கடலில் எழுந்து, எவ்வழி வந்து, எக்காலத்திற் பெய்தது என்று அறிதல் மற்றொன்று. முன்னதை மனிதன் தன் கண்ணாலுங் கருத்தாலும் உணர்ந்தான். பின்னதை உணர்தற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நிறமும் மணமும் அற்ற நீர், பிறிதொரு நீரோடு கலந்த பின்னர் எது எங்கிருந்து வந்ததென்று எவராற் கூற இயலும்? அத்தகைய நீரினுள்ளும் அதன் பிறப்பையும் வழியையும் காட்டும் அடையாளம் ஒன்றை இயற்கை பொறித்து வைத்துள்ளது. அதனைக் கண்டறிந்த வரலாறு, மிகச் சிறிய வேறுபாடுகளைப் பொறுமையுடன் அளந்த சிலருடைய வரலாறாகும்.

ஐரோப்பாவில் நெடுங்காலமாக நிலவிய கருத்து இன்று நமக்கு வியப்பைத் தருவது. பெய்யும் மழை ஆறுகளை ஓடச் செய்தற்குப் போதாது என்றும், கடல்நீர் நிலத்தின் அடியிலுள்ள துவாரங்கள் வழியாகச் சென்று உப்பு நீங்கி மலைகளில் ஊற்றாகப் பெருகுகின்றது என்றும் கற்றோர் பலர் நம்பினர். 1674 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவராகிய பியர் பெரோ என்பார் ஊற்றுக்களின் தோற்றம் பற்றித் தம் பெயரிடாது ஒரு நூலை வெளியிட்டார். செயின் நதியின் தலைப்பகுதியில் ஓராண்டிற் பெய்யும் மழையையும், அப்பகுதியில் நதி கொண்டு செல்லும் நீரையும் அவர் கணக்கிட்டார். மழை, நதிநீரைப் போல ஆறு மடங்காயிருத்தலைக் கண்டார். அவருக்குப் பின் எட்மண்ட் ஆலி என்னும் ஆங்கில வானியலறிஞர், ஒரு பாத்திரத்தில் வைத்த உப்புநீர் ஆவியாகிக் குறைவதை அளந்து, மத்தியதரைக் கடலிலிருந்து நாடோறும் எழும் ஆவியின் அளவை மதிப்பிட்டு 1687 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவ்விருவர் கணக்கும் சேர்ந்து நீர்வட்டத்தை ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்ட வழி செய்தன.

எனினும் இவை வரவு செலவுக் கணக்குகளே. ஒரு பெருவணிகன் பெட்டியில் எத்தனை ரூபா உள்ளது என்பதைக் கணக்கேடு காட்டும். அவற்றுள் ஒரு நாணயம் எவர் கையிலிருந்து வந்தது என்பதைக் காட்டாது. நீர்த்துளியின் வழியைக் காண்பதற்கு, துளிக்குத் துளி வேறுபடும் ஒரு பண்பு வேண்டியிருந்தது. அப்பண்பு வேதியியலாராற் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவர்கள் அப்பொழுது மழையையோ கிணற்றையோ எண்ணியவர்கள் அல்லர்.

ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே நிறையுடையன என்ற கொள்கை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் வீழ்ந்தது. வேதியியல் இயல்பில் ஒத்தும், நிறையில் வேறுபட்டும், மூலக அட்டவணையில் ஒரே தானத்தைப் பெறும் அணுக்களுக்குப் பிரெடரிக் சொடி 1913 ஆம் ஆண்டில் ஒரு பெயரிட்டார். அப்பெயரையே தமிழிற் சமதானி என வழங்குகின்றோம். 1929 ஆம் ஆண்டிற் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஜியோக், எறிக் ஜோன்ஸ்டன் ஆகிய இருவரும் வளிமண்டலத்தின் நிறமாலையை ஆராய்ந்து, நிறை 16 உடைய ஒட்சிசனோடு நிறை 18 உடைய ஒட்சிசனும், நிறை 17 உடையதும் கலந்திருத்தலைக் கண்டனர். 

இக்கண்டுபிடிப்பு ஐதரசனையும் ஐயத்திற்குள்ளாக்கிற்று. ஐதரசனின் அணுநிறையை வேதியியலார் ஒரு முறையாலும், பிரான்சிசு அஸ்ரன் என்னும் பௌதிகர் வேறொரு முறையாலும் அளந்திருந்தனர். இரண்டும் ஒட்சிசனை அளவுகோலாகக் கொண்டவை. ஒட்சிசனே ஒரு கலவை என்றான பின்னர், அதுவரை ஒத்திருந்த இரு பெறுமானங்களும் ஒவ்வாதனவாயின. வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும் 1931 ஆம் ஆண்டில் பேர்ஜ், மென்சல் என்போர் அதனைப் பொருட்படுத்தி, பாரங்கூடிய ஐதரசன் சிறிதளவு இருத்தல் வேண்டும் என எழுதினர். அதனைப் படித்த கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அரல்ட் யூரே உடனே தேடத் தொடங்கினார். வாசிங்டனிற் பேர்டினண்ட் பிறிக்வெட் என்பார் திரவ ஐதரசனை மெல்ல ஆவியாக்கி, எஞ்சிய சிறு பங்கினை அவருக்கு அனுப்பினார். யூரேயும் அவருடைய உதவியாளர் ஜோர்ஜ் மேர்பியும் அவ்வெச்சத்தின் நிறமாலையில், எதிர்பார்த்த இடத்தில், பார ஐதரசனின் கோட்டினைக் கண்டனர். தூத்தேரியம் எனப் பெயர் பெற்ற அச்சமதானியின் பொருட்டு 1934 ஆம் ஆண்டில் யூரேக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்விடத்து ஒரு புதுமை குறிப்பிடற்பாலது. சிறிது காலத்தின் பின் அஸ்ரன் தமது அளவீட்டைத் திருத்தியபொழுது, தேடலைத் தூண்டிய அவ்வேறுபாடு மறைந்தொழிந்தது. இல்லாத முரண்பாடொன்று, உள்ள பொருளொன்றைக் காட்டிக் கொடுத்ததாயிற்று. முன்னரே இத்திருத்தம் வெளிவந்திருப்பின் தாம் தேடியிருக்கவே மாட்டார் என்பதை யூரே மறைக்காது கூறினார்.

இயற்கை நீரில் இப்பாரச் சமதானிகள் மிகக் குறைவாகவே உள்ளன. கடல்நீரில் ஏறத்தாழ 500 ஒட்சிசன் அணுக்களுள் ஒன்று நிறை 18 உடையது. ஏறத்தாழ 6400 ஐதரசன் அணுக்களுள் ஒன்று தூத்தேரியம். இவை கதிர் வீசி அழிவன அல்ல. ஆதலின் உறுதிச் சமதானிகள் எனப்படும். பாரமான மூலக்கூறு இலகுவானதைக் காட்டிலும் நீரை விட்டு எழுதற்குச் சிறிது தயங்கும். ஆவியிலிருந்து நீராதற்குச் சிறிது முந்தும். 20 பாகை சதமவளவையில், ஒட்சிசன் 18 உடைய நீரின் ஆவியமுக்கம் சாதாரண நீரினும் ஏறத்தாழ 1 வீதம் குறைவு. தூத்தேரியம் ஒன்றுடைய நீரினது ஏறத்தாழ 8 வீதம் குறைவு. ஆகவே கடலிலிருந்து எழும் ஆவியிற் பாரச் சமதானி கடல்நீரிலும் குறைந்திருக்கும். அவ்வாவி குளிர்ந்து முதன்முதற் பெய்யும் மழை, முகிலிலுள்ள பாரச் சமதானியை மிகுதியாகக் கொண்டு இறங்கும். எஞ்சிய முகில் மேலும் இலகுவாகும். அது அடுத்துப் பெய்யும் மழை முந்திய மழையினும் இலகுவாயிருக்கும். இங்ஙனம் முகில் தான் பெய்து கழித்த மழையின் கணக்கைத் தன்னுள்ளேயே சுமந்து செல்கின்றது.

இவ்வளவு சிறிய வேறுபாட்டை அளத்தற்குத் தக்க கருவி இரண்டாம் உலகப்போரையடுத்த ஆண்டுகளில் உருவாயிற்று. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அல்பிரட் நியர் அமைத்த திணிவு நிறமாலைமானியைச் சிக்காகோவில் யூரேயின் குழுவினர் மேலும் நுட்பமாக்கினர். கடற்சிப்பிகளின் ஓட்டிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு பண்டைக் கடல்களின் வெப்பநிலையை அறிதலே யூரேயின் நோக்கம். சிப்பியின் சான்றைச் செவ்வனே படிக்க, அது வாழ்ந்த நீரின் இயல்பையும் அறிதல் வேண்டுமன்றோ? அதனால் நீரை நோக்கி ஆராய்ச்சி திரும்பிற்று. 1953 ஆம் ஆண்டிற் சாமுவேல் எப்ஸ்ரீன், தொசிக்கோ மயேடா ஆகியோர் இயற்கை நீர்களின் ஒட்சிசன் 18 பற்றியும், ஏர்விங் பிறீட்மன் அவற்றின் தூத்தேரியம் பற்றியும் கட்டுரைகள் வெளியிட்டனர்.

அதே வேளையில் டென்மார்க்கில், வீட்டுத் தோட்டமொன்றில், மற்றொரு தொடக்கம் நிகழ்ந்தது. வில்லி டான்ஸ்கார்ட் என்னும் இளம் பௌதிகர் கோப்பன்கேகன் பல்கலைக்கழகத்தில் ஒரு திணிவு நிறமாலைமானியின் பொறுப்பில் இருந்தார். 1952 ஆம் ஆண்டு யூன் 21 ஆந் திகதி, சனிக்கிழமை, பெருமழை பெய்யத் தொடங்கிற்று. மழைக்கு மழை இச்சமதானியின் அளவு மாறுமோ என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. வெறும் பியர்ப் போத்தல் ஒன்றின் வாயில் ஒரு புனலை வைத்துப் புற்றரையில் நிறுத்தினார். மழை தொடரத் தொடரப் பாத்திரங்களை மாற்றி மாற்றி நீரைச் சேர்த்தார். பின்னர் அளந்து பார்த்தபொழுது, ஒரே மழையின் பகுதிகள் தம்முள் வேறுபட்டிருந்தன. அவ்வேறுபாடு முகில்களின் வெப்பநிலையோடு இயைந்திருந்தது. குளிர்ந்த முகிலின் நீர் இலகுவானது. விலையுயர்ந்த கருவியும் விலையில்லாப் போத்தலும் ஒருங்கு சேர்ந்து ஒரு துறையைத் தொடக்கி வைத்தன.

டான்ஸ்கார்ட் பின்னர் உலகின் பல பகுதிகளின் நீரையும் ஆராய்ந்து, 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இத்துறையின் விதிகளைத் தொகுத்துரைத்தார். கடற்கரையிலிருந்து உள்நாடு செல்லச் செல்ல மழை இலகுவாகும். மலைமேல் ஏற ஏற இலகுவாகும். ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் ஒட்சிசன் 18 ஆயிரத்துக்கு 0.15 முதல் 0.5 வரை குறைவது பொதுவாகக் காணப்படுவது. நடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கிச் செல்லச் செல்ல இலகுவாகும். அந்தாட்டிக்காவின் உட்பகுதிப் பனி, கடல்நீரினும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 50 பங்கு குறைந்தது. ஆகவே ஒரு மலையடிவார ஊற்றின் நீரை அளந்து, அது மலையின் எவ்வுயரத்திற் பெய்த மழை என்று மதிப்பிடுதல் இயலுவதாயிற்று. பெரோ காலத்தவர் விவாதித்த வினாவிற்கு ஊற்றே விடை கூறத் தொடங்கிற்று.

தனியொருவர் தோட்டத்தில் தொடங்கிய இம்முயற்சி உலகளாவியதாக வளர்ந்தமைக்கு ஓர் அச்சமும் காரணமாயிற்று. வல்லரசுகள் 1950 ஆம் ஆண்டுகளில் வளிமண்டலத்தில் நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனைகள், திரித்தியம் என்னுங் கதிர்வீசும் ஐதரசனை மழையிற் பெருக்கின. 1957 ஆம் ஆண்டில் வியன்னாவில் நிறுவப்பட்ட சர்வதேச அணுசத்தி முகவரகம், உலக வளிமண்டலவியல் தாபனத்துடன் சேர்ந்து, 1961 ஆம் ஆண்டு முதல் உலகின் பல நிலையங்களில் மாதந்தோறும் மழைநீரைச் சேர்த்து ஆராயலாயிற்று. திரித்தியத்தோடு உறுதிச் சமதானிகளும் அளக்கப்பட்டன. 1963 ஆம் ஆண்டில் வளிமண்டலச் சோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை கைச்சாத்தானது, 12.3 ஆண்டுகளுக்கொருமுறை பாதியாகக் குறையும் திரித்தியம் அதன்பின் படிப்படியாகத் தணிந்தது. ஆனால் அளவீடு நிற்கவில்லை. காலப்போக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களின் மழை இவ்வேட்டிற் பதிவாயிற்று. அழிவுக்கான ஆயுதத்தைக் கண்காணிக்கத் தொடங்கிய பணி, உலக மழையின் வரலாற்றேடாக மாறிற்று.

அதே 1961 ஆம் ஆண்டில், கலிபோணியாவிலுள்ள ஸ்கிறிப்ஸ் சமுத்திரவியல் நிலையத்தைச் சேர்ந்த ஆர்மன் கிறேய்க் ஏறத்தாழ 400 நீர் மாதிரிகளை ஒப்பிட்டு ஓர் எளிய உறவை வெளியிட்டார். ஒரு மழைநீரிலுள்ள ஒட்சிசன் 18 இன் வேறுபாட்டை எட்டாற் பெருக்கிப் பத்தைக் கூட்டினால் அதன் தூத்தேரிய வேறுபாடு கிடைக்கும். உலகின் மழை பெரும்பாலும் இந்நேர்கோட்டில் அமையும். ஆவியான நீரோ அக்கோட்டை விட்டு விலகி, ஐந்தை ஒட்டிய குறைந்த சாய்வுடைய வேறொரு கோட்டில் அமையும். எனவே ஒரு குளத்துநீர் வெயிலில் ஆவியானதா, மழை பெய்தவாறே நிலத்துட் புகுந்ததா என்பதை அதன் இரு சமதானிகளும் சேர்ந்து சான்று கூறும். கூட்டப்படும் பத்து என்னும் எண்ணும் பொருளற்றதன்று. ஆவி எழுந்த கடலின் மேலுள்ள காற்றின் ஈரப்பதனை அது காட்டும். வறண்ட காற்று வீசும் கிழக்கு மத்தியதரைக் கடலோர மழையில் அவ்வெண் ஏறத்தாழ 22 ஆகும்.

குளிர்ந்த காலத்துப் பனி இலகுவானது எனின், பழம்பனி பழங்காலத்து வெப்பநிலையைக் காட்டுமன்றோ? 1966 ஆம் ஆண்டில் அமெரிக்கர் கிறீன்லாந்தின் வடமேற்கே செஞ்சுரி முகாமிற் பனிப்படலத்தை 1387 மீற்றர் வரை துளைத்து அடிநிலத்தை எட்டினர். அப்பனித்தண்டினை டான்ஸ்கார்ட் குழுவினர் ஆராய்ந்து, ஏறத்தாழ ஓரிலட்சம் ஆண்டுக் காலநிலை வரலாற்றை 1969 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்தாட்டிக்காவின் வொஸ்ரொக் பனித்தண்டு 1987 ஆம் ஆண்டில் அவ்வரலாற்றை 160,000 ஆண்டுகளுக்கு நீட்டிற்று. ஐரோப்பியர் துளைத்த மற்றொரு தண்டு 800,000 ஆண்டுகளை எட்டிற்று. அதன் தூத்தேரியப் பதிவு 2007 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தோட்டத்துப் போத்தலிற் காணப்பெற்ற விதியே இங்குத் துருவப் பனியைப் படிக்கும் நெடுங்கணக்காயிற்று.

ஆயினும் இவ்வாராய்ச்சியின் பயனை இன்று வாழ்வோர் நலத்தோடு இணைத்துக் காட்டும் எடுத்துக்காட்டுக்கள் இரண்டு உள. முதலாவது அமேசன் வனம். அத்திலாந்திக்குச் சமுத்திரத்தில் எழுந்த ஆவி மேற்கு நோக்கிப் பல நூறு மைல் செல்கின்றது. முன்னர்க் கூறிய விதிப்படி, உள்நாடு செல்லச் செல்ல மழை விரைவாக இலகுவாதல் வேண்டும். பிறேசில் நாட்டு அறிஞர் எனேயாசு சலாத்தியும் அவர்தங் குழுவினரும் மழையை அளந்து 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறாயிருந்தது. இலகுவாகும் வேகம் எதிர்பார்த்ததினும் மிகக் குறைவு. பெய்த மழையை வேரால் உறிஞ்சிய மரங்கள், அதன் பாரச் சமதானியையும் பிரித்து வைக்காது இலைவழியே மீண்டுங் காற்றுக்கு அளிக்கின்றன என்பதே அதன் காரணம். அவ்வடிநிலத்து மழையில் ஏறத்தாழ அரைப்பங்கு வரை இங்ஙனம் நிலத்திலிருந்து மீண்டெழுந்த நீர் என அவர்கள் மதிப்பிட்டனர். மழை வனத்தை வளர்க்கின்றது என்று கூறிய உலகிற்கு, வனம் மழையை வளர்க்கின்றது என்பதற்கான அளவுச் சான்று கிடைத்தது. கிழக்கே வெட்டப்படும் மரம் மேற்கேயுள்ளவன் மழையைக் குறைக்கக்கூடும் என்பது அதனாற் பெறப்படும்.

இரண்டாவது சகாராப் பாலைவனம். எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நான்கு நாடுகளின் அடியே நூபிய மணற்கல்லிற் பெருநீர்த் தேக்கமொன்று உளது. தெற்கேயுள்ள மழைநாடுகளிலிருந்து அந்நீர் இடையறாது ஊறி வருகின்றது என்ற கருத்து ஒரு காலத்தில் நிலவிற்று. அது மெய்யாயின் எடுக்க எடுக்கக் குறையாது. ஆனால் அந்நீரின் சமதானிகள் இன்று அங்கு அரிதாகப் பெய்யும் மழையினும் மிக இலகுவானவை. இன்றைய காலநிலையில் அத்தகைய மழை அங்குப் பெய்வதில்லை. கதிர்வீசுங் காபனைக் கொண்டு செய்த ஆராய்ச்சியும் அந்நீர் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது எனக் காட்டிற்று. எகிப்தின் மேற்குப் பாலைநிலத்தில் எடுத்த நீரிற் சில பத்து இலட்சம் ஆண்டு வரை பழமையுடையன என்பதைக் கிறித்தன் என்னும் வாயுவின் சமதானி கொண்டு 2004 ஆம் ஆண்டில் அறிவித்தனர். லிபியா பெருங்குழாய்கள் மூலம் இத்தகைய நிலத்தடி நீரைக் கடற்கரை நகர்களுக்குக் கொண்டு சென்றது. அதன் முதற் கட்டம் 1991 ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. ஆண்டுதோறும் விளையும் நெல்லை உண்பதற்கும், விதைநெல்லை உண்பதற்கும் உள்ள வேறுபாட்டை உழவன் அறிவான். பாலைவனத்து நீர் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைச் சமதானிகள் காட்டிவிட்டன. அதனை எங்ஙனம் செலவிடுவது என்பது அரசுகளின் முடிபு.

தென்னிந்தியாவும் இலங்கையும் இருவேறு பருவக்காற்றுக்களால் மழை பெறுவன. அவ்விரு மழையும் தம் அடையாளத்தில் வேறுபடுகின்றன. வாடைக்காற்றோடு வங்காள விரிகுடாவிலிருந்து வரும் மழை, சோளகத்தோடு வரும் தென்மேல் பருவ மழையினும் பாரச் சமதானி குறைந்தது. கங்கை, பிரமபுத்திரா முதலிய பேராறுகளின் நன்னீர் கலந்த விரிகுடாவும், வழியிற் பெருமழை பெய்து கழித்த முகில்களும் இதற்குக் காரணங்களாகும். ஆதலின் இவ்விரு மழையும் பெய்யும் நிலத்தில் ஒரு கிணறு எம்மழையால் நிரம்புகின்றது என்பதை அதன் நீரே கூறவல்லது.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு, சுண்ணக்கல்லினுள் தங்கும் மழைநீரையே நம்பி வாழ்வது. கிணறு உவர்க்கும்பொழுது அதன் காரணத்தை அறிதல் அங்கே உயிர்நிலையான வினாவாகும். கடல்நீர் உட்புகுந்து உவர்த்ததாயின் சமதானி அளவுகள் மழைநீரையும் கடல்நீரையும் இணைக்கும் கோட்டில் அமையும். வயலுக்கு இறைத்த நீர் வெயிலில் ஆவியாகி எஞ்சிய உப்போடு திரும்ப ஊறியதாயின் கிறேய்க் காட்டிய மற்றைக் கோட்டை ஒட்டி அமையும். நாவிற்கு இரண்டும் உவர்ப்பே. பரிகாரமோ வேறு வேறு. முன்னதற்கு இறைப்பைக் குறைத்து நன்னீர் மட்டத்தை உயர்த்துதல் வேண்டும். பின்னதற்கு நீர்ப்பாய்ச்சும் முறையையே திருத்துதல் வேண்டும்.

சமதானிகள் தனித்து நின்று எல்லாவற்றையும் கூறிவிடும் என்று கொள்ளுதல் தவறாகும். ஒரே அளவு இருவேறு காரணங்களாலும் நேரலாம். மழைமானியும், கிணற்று நீர்மட்டக் குறிப்பும், உப்பின் அளவும், நிலவியலறிவும் உடனிருந்தாலன்றி அச்சான்று முழுமை பெறாது. மேலும், உலக ஏட்டிலுள்ள ஒவ்வோர் எண்ணின் பின்னும், மாதந்தவறாது மழைநீரைப் போத்தலில் அடைத்து அனுப்பிய பெயர் அறியப்படாத பணியாளர் ஒருவர் உளர். பெரோவின் கணக்கு முதல் அவர்களுடைய போத்தல் வரை இவ்வரலாறு முழுவதும் அளத்தலின் வரலாறே.

ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய வேறுபாடு எதற்கு உதவும் என்று யூரேயின் காலத்தில் ஒருவர் வினவியிருப்பின், வனத்தின் மழையும் பாலைவனத்தின் நீரும் விடையாக அமையும் என்று எவரும் கூறியிருக்க முடியாது. இன்று அவ்விடை கிடைத்துள்ளது. குடிக்கும் நீர் எங்கிருந்து வந்தது, மீண்டும் வருமா என்பதை அறியாது செலவிட்டோம் என்று கூறும் உரிமை, அதனை அளந்தறியும் வழி தெரிந்த தலைமுறைக்கு இல்லை.